பிரேக் சாரும் அந்த ஒற்றைச் சுரமும்

பிரேக் சாரின் வலது கால் ஒரு இடத்தில் சும்மா இருக்காது. சோபாவில் சாய்ந்து டிவி பார்த்தாலும் சரி, அடுத்த வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனாலும் சரி, எதிரில் ஏதாவது கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், கால் தானாகக் கீழே அழுத்தும். இருபது வருடத்துக்கு மேல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் வேலை பார்த்து வந்த பழக்கம் அது. பயிற்சிக் காரில், கற்றுக்கொள்கிறவருக்கு இருப்பது போக, பக்கத்தில் உட்காரும் ஆசிரியருக்கென்று கீழே தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஊரில் பாதிப் பேர் அந்தக் காலை நம்பித்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்க, மற்ற எல்லோருக்கும் அவர் பிரேக் சார் ஆகிவிட்டார்.

ஆல்பம் வெளிவந்த பிறகு அந்தக் கால் சுத்தமாகக் கெட்டுப்போனது. சாப்பிடும்போது ஆடியது, தூக்கத்தில் உதைத்தது. மனிதர் குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்தார். போனை எடுப்பார், பார்ப்பார், வைப்பார், வைத்த கை ஆறுவதற்குள் மறுபடி எடுப்பார். ஐம்பது வயதை நெருங்குகிற ஆள், முதல் தடவையாக மற்றவர்கள் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார்கள் என்று காத்திருந்தார். அது எவ்வளவு பெரிய வியாதி என்று காத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

குழுவின் பெயர் ‘ஏழரை’. அவர்களுடைய பாட்டுகளில் பாதிக்கு மேல் தாளம் ஏழரை எண்ணிக்கையில் ஓடும் என்பதால் மச்சினன் அந்தப் பெயரை வைத்தான். மச்சினன் என்றால் பிரேக் சார் மனைவியின் தம்பி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கிட்டாரும் கீபோர்டும் அவன்தான். பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, மற்ற இரண்டு பேரையும் திட்டுவது எல்லாமும் அவன்தான். டிரம்ஸ் வாசிப்பவர் பல் டாக்டர். பேஸ் கிட்டார், அதாவது அடியில் உறுமிக்கொண்டே இருக்கும் அந்த நாலு கம்பிக் கருவி, பிரேக் சார் கையில். இவர்கள் வாசிப்பதற்கு ப்ரோக்ரெஸிவ் ராக் என்று பெயர். அது என்ன என்று கேட்டால் மச்சினன் ஒரு வகுப்பே எடுத்துவிடுவான். நான் சுருக்கமாகச் சொல்கிறேன்: மூன்று நிமிடத்தில் முடிய வேண்டிய பாட்டை இருபது நிமிடத்துக்கு இழுப்பது; கைதட்டிக்கொண்டே கேட்கலாம் என்று உட்கார்ந்தவனின் கையை நடுவழியில் திணற வைப்பது. ஆனால் பிடித்துப்போனவர்களுக்கு வேறு எதுவும் பிடிக்காது.

முதல் விமர்சனம் ஒரு இணையதளத்தில் வந்தது. தலைப்பே ‘எச்சரிக்கை பெயரிலேயே இருக்கிறது’. கிட்டார் வாசிப்பவர் தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஒரே பாட்டில் கொட்டிவிட அவசரப்படுகிறாராம். டிரம்ஸ்காரர் மயக்க ஊசி போடாமல் பல்லைப் பிடுங்குகிறாராம். “எனக்கு இதுதான் தொழில்னு அவனுக்கு எப்படித் தெரியும்?” என்று டாக்டர் பதறிப்போய்ப் போன் செய்தார். பிரேக் சார் அந்தக் கட்டுரையை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் படித்தார். பேஸ் என்ற சொல்லே அதில் இல்லை. திட்டுவதற்குக்கூட அவரை யாரும் கூப்பிடவில்லை.

இரண்டாவது ஒரு பத்திரிகையில். கிட்டாரும் கீபோர்டும் நன்றாகப் பேசிக்கொள்கின்றன, டிரம்ஸ் குறுக்கே பேசுகிறது என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது, ஒரு வானொலி நிலையத்தின் வார அறிவிப்பு. ‘இரண்டு பேர் கொண்ட இந்தப் புதிய குழு’ என்று ஆரம்பித்தது. மூன்று பேரில் யாரை விட்டுவிட்டார்கள் என்று கேட்க வேண்டுமா?

“அத்தான், பேஸ்னா அப்படித்தான். இருந்தா தெரியாது, இல்லாம போனாத்தான் தெரியும்,” என்றான் மச்சினன்.

“அப்போ ஒரு வாட்டி இல்லாமப் போய்ப் பாக்கவா மாப்ள?”

மச்சினன் சிரித்தான். பிரேக் சார் சிரிக்கவில்லை.

அவருக்கு அந்தக் கருவி வந்து சேர்ந்த கதையும் இப்படித்தான். வாலிப வயதில் தெருப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். பழைய சாமான் கடையிலிருந்து கருவிகளை அள்ளிக்கொண்டு வந்த அன்று இவர் தாமதமாகப் போனார். நல்ல கிட்டார் இரண்டையும் இரண்டு பேர் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் இருந்தது இது. “நாலு கம்பிதான்டா, சீக்கிரம் கத்துக்கலாம்” என்று சொல்லித் தலையில் கட்டினார்கள். குழு ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆனால் இவர் விடவில்லை. டெலிவரி வேன் ஓட்டியபோதும், பிறகு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தபோதும், கல்யாணமாகி வாடகை வீடு மாறி மாறிப் போனபோதும் அந்தக் கருவி அலமாரிக்கு மேலே கூடவே வந்தது. அக்காவைப் பார்க்க வந்த மச்சினன், அப்போது அரைக்கால் சட்டை போட்ட வயது, அதைக் கீழே இறக்கி ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தான். அன்றோடு அவன் கெட்டான். இவரிடம் அரிச்சுவடி படித்து, இவரைத் தாண்டி, கிட்டாருக்குப் போய், கீபோர்டுக்குப் போய், கடைசியில் இவரையே திட்டும் இடத்துக்கு உயர்ந்தான். அதில் இவருக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். ஆனாலும் ஒரே ஒரு ஆசை மனசுக்குள் கிடந்து பிறாண்டியது. தான் வாசிப்பதை, தான் வாசிப்பது என்று தெரிந்து, ஒரே ஒருத்தர் கேட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வரி போதும்.

அதற்கு ஒரு வாய்ப்பும் அந்த ஆல்பத்தில் இருந்தது. கடைசிப் பாட்டு ‘நீர்மூழ்கி’. ஒருவன் கடலுக்குள் கீழே கீழே இறங்குகிற கதை. முதல் பாதி முழுக்கக் கீபோர்டு சொட்டுச் சொட்டாக விழும், டிரம்ஸ் தூரத்தில் முணுமுணுக்கும், பிரேக் சாருக்கு வேலையே கிடையாது. பிறகு எல்லாம் ஓய்ந்துவிடும். அந்த இடத்தில் பேஸ் மட்டும் தனியாக வர வேண்டும். ஒரு சின்னச் சங்கதி, நாலு தடவை திரும்பித் திரும்பி, ஒவ்வொரு தடவையும் ஒரு படி கீழே இறங்கும். கேட்டால் சாதாரணம். வாசிக்க உட்கார்ந்தால் முதுகு வேர்க்கும். அவர் அதை மாதக் கணக்கில், தினமும் வேலையிலிருந்து வந்து, பின்அறையில் உட்கார்ந்து பழகினார். மகள் வேலைக்கென்று வேறு ஊருக்குப் போன பிறகு காலியான அறை அது.

அந்த அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப்புறம் மனைவி கேக் செய்துகொண்டிருப்பாள். வீட்டிலிருந்தே ஆர்டர் எடுத்துச் செய்கிறவள். பிறந்தநாளுக்கும் கல்யாணத்துக்கும் அந்தத் தெருவே அவளிடம்தான் வரும். கிரீம் அடிக்கிற இயந்திரத்தின் சத்தத்தில் அவள் காதில் எதுவும் விழாது என்று பிரேக் சார் நினைத்திருந்தார். ஒரு நாளாவது நன்றாக இருக்கிறது என்று சொன்னாளா? இல்லை. நன்றாக இல்லை என்றாவது? அதுவும் இல்லை. இரும்பு அடிக்கிற பட்டறையில் குடியிருப்பவள் மாதிரி அவள்பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள்.

கேக் தொழிலுக்காக வாங்கிய பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்று அந்தப் பின்அறையில்தான் நின்றது. சமையலறையில் அதற்கு இடமில்லை. வயர் மட்டும் கதவிடுக்கு வழியாகச் சமையலறைச் சுவிட்சுக்குப் போகும். பழசு. நல்ல கனத்த குரல் அதற்கு.

ஆல்பத்தை அந்த வீட்டிலேயே பதிவு செய்வது என்று முடிவானது. ஸ்டுடியோவுக்கு யாரிடம் வசதி? ஜன்னலில் போர்வை கட்டி, டாக்டரின் டிரம்ஸை ஹாலில் வைத்து, மச்சினன் லேப்டாப்போடு உட்கார்ந்தான். மற்ற பாட்டுகளெல்லாம் ஒருவழியாக முடிந்தன. ‘நீர்மூழ்கி’யை மட்டும் மூன்று பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும் என்பது மச்சினனின் பிடிவாதம். அன்றைக்குத்தான் வினை. முதல் பாதி அமைதியில் பின்அறை ஃப்ரிட்ஜின் உறுமல் ஹால்வரை கணீரென்று கேட்டது.

“அக்கா, ஒரு இருபது நிமிஷம் இதை ஆஃப் பண்ணிக்கலாமா?”

“அந்தப் பேச்சே வேணாம். உள்ள மூணு அடுக்குக் கல்யாணக் கேக் இருக்கு. சாயங்காலம் ஆளு வர்றாங்க.”

“இருபதே நிமிஷம்க்கா.”

“நீ இருபது நிமிஷம்னு சொல்லிட்டு எத்தனை வாட்டி வாசிப்பேன்னு எனக்குத் தெரியாதா? வெயில் வேற இந்தப் போடு போடுது. கிரீம் இளகிச்சுன்னா நீயா வந்து நிப்ப?”

மச்சினன் கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து போய் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்தான். சுருதி பார்க்கும் கருவியை அதன் வயிற்றில் ஒட்டினான். முகம் மலர்ந்தது.

“அத்தான், இது ரெண்டு கட்டைக்கு நடுவுல நிக்குது. அசையவே இல்ல. நாம எல்லாரும் இதுக்கு சுருதி சேத்துக்குவோம்.”

“ஃப்ரிட்ஜுக்கா?” என்றார் டாக்டர்.

“அதையும் நம்ம குழுவுல ஒரு ஆளுன்னு வெச்சுக்கங்க டாக்டர்.”

உலகத்தில் வேறு எந்தக் குழுவாவது இந்தக் காரியத்தைச் செய்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. இவர்கள் செய்தார்கள். காலை முழுக்க ஒரு குளிர்பெட்டியின் முன்னால் குந்தியிருந்து, பேஸை ஏற்றி, கிட்டாரை ஏற்றி, கீபோர்டைத் திருகி, அதன் குரலோடு சேர்த்தார்கள். புதுக் கேக்கும் வெயிலும் சேர்ந்து அன்று அது ஓய்வே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. முதல் தடவை வாசித்தது நடுவில் குலைந்தது. இரண்டாவது தடவை டாக்டரின் குச்சி நழுவியது. மூன்றாவது தடவை எல்லாம் கூடி வந்தது. கீபோர்டு ஓய்ந்து, பிரேக் சாரின் இடம் வருவதற்குச் சற்று முன்னால், ஃப்ரிட்ஜ் சட்டென்று நின்றது. வீட்டுக்குள் திடீரென்று காது திறந்த மாதிரி ஒரு அமைதி. அதற்குள் அவர் தன் முதல் சுரத்தை வைத்தார்.

வாசித்து முடித்ததும் மச்சினன் குதித்தான். “அதுவா நின்னுச்சு பாத்தீங்களா! சொல்லி வெச்ச மாதிரி!” டாக்டர் அதை அதிர்ஷ்டம் என்றார். பிறகு மாலைவரை அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்கள். கல்யாண வீட்டு ஆட்கள் வந்தபோது கேக்கின் மேலடுக்கு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மனைவி “ஃப்ரிட்ஜ் சரியில்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்களை உட்காரவைத்து, வாங்கிக் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் வழித்துவிட்டு மறுபடி பூசினாள். அவர்கள் அதற்குப் பிறகு அவளிடம் வரவில்லை.

இனி நான்காவது விமர்சனத்துக்கு வருகிறேன். எழுதியவரை இசை வட்டாரத்தில் கத்தரி என்பார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் பத்தி எழுதுபவர். அவர் நாலு வரி எழுதினால் நாலு பேர் வாத்தியத்தை விற்றுவிட்டு வேறு வேலை தேடுவார்கள் என்று பேச்சு.

அன்று பிரேக் சாரின் காரில் ஸ்டியரிங் பிடித்திருந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. நாற்பது வருடம் ஊசி போட்ட கை, காரில் மட்டும் நடுங்கும். போன் ‘டிங்’ என்றது. பயிற்சி நேரத்தில் போனைப் பார்க்கக் கூடாது என்று பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டிருப்பதே இவர்தான். பார்த்தார்.

‘இந்த ஆல்பத்தில் ஒரே ஒரு கலைஞர்தான் இருக்கிறார். அவர் பேஸ் வாசிப்பவர்.’

கால் அழுத்தியது. கார் நட்டநடு ரோட்டில் குலுங்கி நின்றது. பின்னாலிருந்த வண்டிகளெல்லாம் ஹாரனில் திட்டின.

“சார், ரோடு காலியா இருக்கே! எதுக்கு பிரேக்?”

“ஒண்ணுமில்லம்மா. நீங்க போங்க.”

“எப்படிப் போறது? காலை எடுங்க சார்!”

ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு மீதியைப் படித்தார். ‘நீர்மூழ்கியின் முதல் பாதி முழுவதும் அவர் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அலட்டல் இல்லை, ஆட்டம் இல்லை. வழக்கமான சுருதிக்கும் அடுத்த சுருதிக்கும் நடுவில், யாரும் கால் வைக்கத் துணியாத இடத்தில் அந்தச் சுரம் நிற்கிறது. பிறகு, நாம் அதை மறந்தே போன கணத்தில், நிறுத்துகிறார். அந்த நிறுத்தம் ஒன்று போதும், இந்தக் குழு நிலைக்கும்.’

பிரேக் சாரின் காது சூடானது. அவர் சந்தோஷப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதற்குள் கடைசி வரி வந்துவிட்டது. ‘அதன் பின் வரும் தனி வாசிப்பு வழக்கமானதே. அது இல்லாமலேயே இருந்திருக்கலாம்.’

ஃப்ரிட்ஜுக்குப் பாராட்டு. இவருக்கு, இல்லாமலேயே இருந்திருக்கலாம். மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. நர்ஸ் அம்மா எட்டிப் பார்த்து, “வீட்ல யாருக்காவது முடியலையா சார்?” என்று கேட்டார். “இல்லம்மா, நல்ல செய்திதான்” என்றார் பிரேக் சார். அந்த முகத்தோடு யாரும் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மாலையில் டாக்டரின் கிளினிக்கில் கூடினார்கள். கடைசி நோயாளி போனதும் டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் விழுந்து விழுந்து சிரித்தார். மச்சினன் அந்தச் சாய்வு நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டு கட்டுரையைச் சத்தமாக வாசித்தான். கத்தரி பாராட்டிவிட்டார் என்றதும் வானொலி நிலையத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டதாம். இரண்டு பேர் குழு என்று அறிவித்த அதே நிலையம். இப்போது அவர்களுக்கு மூன்றாவது ஆள்தான் வேண்டுமாம்.

“நீங்க போய் உக்காந்துட்டு வந்தா போதும் அத்தான். பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம். ஃப்ரிட்ஜுன்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. நம்ம பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுடும்.”

“நான் வாசிச்சதை வேணாம்னுட்டானே மாப்ள.”

“எது?”

“அதான், அப்புறமா வர்றது. என்னோடது.”

“அட, அதை விடுங்க. ஒரு வரிதானே?” என்று சொல்லிவிட்டு மச்சினன் மேலே வாசிக்கப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கட்டுரையை நீட்டினார். கை மாவாக இருக்கிறது, நீங்களே படியுங்கள் என்றாள். படித்தார். ஒற்றைச் சுரம் பற்றிய பகுதி வந்தபோது அவள்பாட்டுக்கு மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கடைசி வரியைக் கேட்டதும், “அந்த ஆளு காதுல என்ன வெச்சிருக்காரு?” என்று கேட்டுவிட்டு ஓவன் கதவைப் படாரென்று சாத்தினாள். ஏதோ கேக் கருகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பிரேக் சார் வெளியே வந்தார்.

பேட்டி நாள்வரை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொய்யை ஒப்புக்கொண்டால் வாழ்நாள் முழுக்க ஒரு ஃப்ரிட்ஜின் பெயரில் வாழ வேண்டும். உண்மையைச் சொன்னால் மூன்று பேரும் ஊர் சிரிக்க நிற்க வேண்டும். இரண்டிலும் இவர் வாசித்தது யார் காதிலும் இல்லை. கருவியைக் கையில் எடுக்கவே பிடிக்கவில்லை. மறுபடி அலமாரிக்கு மேலேயே ஏற்றிவிடலாமா என்று ஒரு நாள் நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார். அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வானொலி நிலையத்தில் அவரைச் சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். எதிரில் நிகழ்ச்சி நடத்தும் பெண், தலையில் ஹெட்போன். பிரேக் சாரின் கால் மேஜைக்கு அடியில் அழுத்திக்கொண்டே இருந்தது.

“சார், எல்லாரும் கேக்குற கேள்வி. அவ்வளவு நேரம் ஒரே சுரம், கொஞ்சம்கூட ஆடாம. அது எப்படி சாத்தியம்?”

கண்ணாடிக்கு வெளியே மச்சினன் கும்பிடாத குறையாக நின்றான். பிரேக் சார் அவனைப் பார்த்தார். வாய் தானாகத் திறந்தது.

“அது நான் இல்லீங்க. ஃப்ரிட்ஜு.”

“சார்?”

“எங்க வீட்டு ஃப்ரிட்ஜு. கேக் வைக்கிறது. அதுதான் ஓடிட்டு இருந்துச்சு. நான் சும்மா உக்காந்திருந்தேன்.”

அந்தப் பெண் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இவ்வளவு தன்னடக்கமா சார்! சரி, ஃப்ரிட்ஜுன்னே வெச்சுக்குவோம். ஆனா அவ்வளவு கரெக்டா உங்க சோலோ வர்றதுக்கு முன்னாடி நின்னுச்சே, அந்த ஃப்ரிட்ஜுக்கு சங்கீதம் தெரியுமோ?”

பிரேக் சார் பதில் சொல்லவில்லை. நேயர்கள் அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார். அன்று காலையிலிருந்து ஒரு முறைகூட நிற்காத ஃப்ரிட்ஜ். நின்ற பிறகு, அவர் வாசித்து முடிக்கும்வரை, முடித்துக் கேட்டுக்கொண்டிருந்த மாலைவரை, மறுபடி ஓடவே இல்லை. தானாக நிற்கிற ஃப்ரிட்ஜ் தானாக ஓடவும் செய்யுமே.

வெளியே வந்ததும் மச்சினன் கட்டிப் பிடித்துக்கொண்டான். “கெடுத்துட்டீங்கன்னு நெனச்சேன் அத்தான். ஆனா இதப் பாருங்க!” கத்தரி அதற்குள் இணையத்தில் எழுதிப் போட்டிருந்தார்: ‘தன் கருவியைச் செல்லமாக ஃப்ரிட்ஜ் என்று அழைக்கிறார். இப்படிப்பட்ட கலைஞர்கள் அபூர்வம்.’ தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது பிரேக் சாருக்கு. உண்மையைச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. மச்சினன் காபி குடிக்கக் கூப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.

மனைவி பின்அறையில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் சின்ன மேஜை போட்டு, ஒரு பிறந்தநாள் கேக்கின் விளிம்பில் கிரீம் பூ பிழிந்துகொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜ் வழக்கம்போல உறுமியது. பிரேக் சார் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை.

“அன்னைக்கு இது ஏன் நின்னுச்சு?”

அவள் தலை தூக்கவில்லை. எந்த அன்றைக்கு என்றும் கேட்கவில்லை. ஒரு பூவைப் பிழிந்து முடித்தாள்.

“நான்தான் நிறுத்தினேன்.”

“நீயா?”

“அடுப்படிப் பக்கம்தானே சுவிட்சு. நிறுத்தினேன்.”

“கேக் இருக்கு, தொடாதேன்னு அந்தக் குதி குதிச்ச?”

“குதிச்சேன்தான். நீங்க வாசிச்ச மொத ரெண்டு வாட்டியும் ஓட விட்டுட்டுத்தான் நின்னேன். மூணாவது வாட்டி நல்லா வந்துச்சு. உங்க எடம் வரப்போகுதுன்னு தெரிஞ்சுது. இது உறுமிட்டு இருந்தா உங்களது யாரு காதுல விழும்?”

பிரேக் சார் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கருவியை அலமாரிக்கு மேலே ஏற்றுவதற்காக இழுத்துப் போட்ட நாற்காலிதான்.

“என் எடம் எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“எத்தனை மாசம் இந்தக் கதவுக்குப் பின்னாடி வாசிச்சீங்க? எனக்கென்ன காது இல்லையா?”

“கேக் சரிஞ்சுதே. அவங்க அவ்வளவு பேசினாங்களே.”

“நீங்க முடிச்சதும் போட்டுடலாம்னுதான் நெனச்சேன். கேட்டுக்கிட்டே நின்னேனா, போடணும்னே தோணல. அப்புறம் அவங்க வந்து காலிங் பெல் அடிச்சப்பதான் ஞாபகம் வந்துச்சு.” அவள் கிரீம் பிழிகிற பையை இன்னொரு கைக்கு மாற்றினாள். “அதைப் போய் உங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

பிரேக் சார் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாள் போனைத் திறந்து திறந்து தேடியது கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறது. ஒரு கேக்கையும் ஒரு நல்ல வாடிக்கையையும் தூக்கிப் போட்டுவிட்டு, கையில் மாவோடு நின்று கேட்டிருக்கிறது. அவர் அழுதார் என்று சொன்னால் அவர் என்மேல் கோபித்துக்கொள்வார். மூக்கை உறிஞ்சினார், அவ்வளவுதான்.

“எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார். ஆல்பம் வந்த நாளிலிருந்து அவர் ஊரெல்லாம் கேட்க நினைத்த கேள்வி. சின்னக் குரலில்தான் வந்தது.

அவள் இன்னொரு பூவைப் பிழிந்தாள். யோசித்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லி அனுப்பிவிடுகிற ஆள் இல்லை அவள்.

“முதல் ரெண்டு வாட்டி இறங்குறப்போ நல்லா இருந்துச்சு. மூணாவதுல அவசரப்பட்டுட்டீங்க. இங்க தனியா வாசிக்கிறப்போ அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவீங்க. அன்னைக்கு விடல.”

அது உண்மை. பதிவைக் கேட்ட அத்தனை தடவையும் அந்த இடத்தில் அவருக்கு ஏதோ நெருடியிருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. மச்சினனுக்குத் தெரியவில்லை, டாக்டருக்குத் தெரியவில்லை, கத்தரிக்கு அந்த இடமே தேவைப்படவில்லை.

எழுந்து போய்ப் பேஸை எடுத்தார். நாற்காலியைச் சுவரோரம் தள்ளி உட்கார்ந்து, காதைச் சாய்த்து, கம்பியை ஃப்ரிட்ஜோடு சேர்த்துத் திருகினார்.

“இதைக் கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா?”

“அந்தப் பேச்சே வேணாம். ஆர்டர் இருக்கு,” என்றாள். “வாசிங்க. எனக்குக் கேக்குது.”

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் ஆரம்பித்தார். முதல் தடவை இறங்கினார், இரண்டாவது தடவை இறங்கினார். மூன்றாவதுக்கு விரலை வைத்தவர், வைத்தபடியே ஒரு மூச்சு விட்டார். கிரீம் பிழிந்துகொண்டிருந்த அவள் கையும் அந்த இடத்தில் நின்றது. பிறகு இரண்டு பேரும் தொடர்ந்தார்கள்.